வீட்டின் இ.பி.சி. ரேட்டிங்கை உயர்த்தப் போகிறீர்களா? காசு வீணாகும் இடங்கள் இவை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ இ.பி.சி. எனும் எரிசக்திச் சான்றிதழ் வேண்டும். 100 புள்ளிக் கணக்கில் 92 அல்லது அதற்கு மேல் வந்தால் ஏ, 69 முதல் 80 வரை சி, 55 முதல் 68 வரை டி, 39 முதல் 54 வரை இ. விலக்கு பதிவு செய்யாத வாடகை வீடு 2020 ஏப்ரலிலிருந்து குறைந்தது இ தரத்தில் இருந்தாக வேண்டும். 2030க்குள் அதை சி ஆக்க வேண்டும் என்று அரசு முன்வைத்ததிலிருந்து, ஹாரோ, ஈஸ்ட் ஹாம், க்ராய்டன் பக்கம் ஒன்றிரண்டு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்கள் பலருக்குப் பதற்றம் வந்துவிட்டது. அந்தப் பதற்றத்தில் வாசலுக்கு வரும் விற்பனையாளர் சொல்வதையெல்லாம் வாங்கிப் போடுகிறார்கள்.

முதலில் அந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் கட்டும் மின் கட்டணத்தை யாரும் பார்ப்பதில்லை. சராசரியான ஒரு குடும்பம் அந்த வீட்டில் இருந்தால் சூடேற்ற, வெந்நீர் போட, விளக்கெரிய ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு செலவாகும் என்பதுதான் கணக்கு. அதனால் புது ஃப்ரிட்ஜ், புது வாஷிங் மெஷின், கனமான திரைச்சீலை எதற்கும் ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. எல்.இ.டி. விளக்குக்குக் கொஞ்சம் கிடைக்கும். மலிவான வேலை, செய்துவிடுங்கள்.

இந்தச் செலவுக் கணக்கு புரியாததால் நடக்கும் பெரிய தவறு, மின்சார ஹீட்டர் விஷயம். கேஸ் இணைப்பு இல்லாத ஃபிளாட்டுகளில் பழைய ஸ்டோரேஜ் ஹீட்டர்கள் இருக்கும். பார்க்க அசிங்கமாக, பெரிதாக இருக்கும். அதைக் கழற்றிவிட்டு மெல்லிய பேனல் ஹீட்டர் மாட்டுகிறார்கள். ‘இது நூறு சதவீதத் திறன் கொண்டது’ என்று விற்பவர் சொல்வது பொய் இல்லை. எந்த மின்சார ஹீட்டருமே வாங்கும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாகத்தான் மாற்றுகிறது. ஆனால் ஸ்டோரேஜ் ஹீட்டர் இரவில் மலிவு விலை மின்சாரத்தை வாங்கிச் சேர்த்து வைக்கிறது. பேனல் ஹீட்டர் பகல் விலைக்கு வாங்குகிறது. ஆகவே ரேட்டிங் சரிகிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து டியிலிருந்து இக்கு இறங்குவது இப்படித்தான். கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு மின்சார பாய்லர் வைத்தாலும் இதே கதி. ஒரு யூனிட் மின்சாரம் கேஸைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு விலை. கேஸ் வராத ஃபிளாட் என்றால், அதிக வெப்பத்தைத் தேக்கி வைக்கும் புதிய வகை ஸ்டோரேஜ் ஹீட்டர்கள் இருக்கின்றன. புள்ளியும் ஏறும், குடியிருப்பவரின் பில்லும் குறையும்.

வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப்பும் இந்த வகையில் யோசிக்க வேண்டிய ஒன்று. மின்சார ஹீட்டர் இருந்த வீட்டில் வைத்தால் ரேட்டிங் நன்றாகத் தாவும். நல்ல கேஸ் பாய்லர் இருந்த வீட்டில் வைத்தால், கரியமில வாயு வெகுவாகக் குறையுமே தவிர, இன்றைய செலவுக் கணக்கில் புள்ளி பெரிதாக அசையாமல் போகலாம். அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. 7,500 பவுண்டு அரசு மானியம் இருக்கிறது, சுற்றுச்சூழலுக்கும் நல்லது. ரேட்டிங்குக்காக மட்டும் வைக்கிறீர்கள் என்றால், முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

‘அனுமானம்’ என்று எழுதியிருக்கிறதா?

உங்கள் பழைய சான்றிதழ் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அஞ்சல் குறியீட்டைப் போட்டால் போதும். அதைத் திறந்து சுவர், கூரை, தரை என்ற வரிகளைப் பாருங்கள். பக்கத்தில் ‘அனுமானிக்கப்பட்டது’ என்ற குறிப்பு இருந்தால், சான்றிதழ் தந்த மதிப்பீட்டாளரால் கண்ணால் பார்க்க முடியவில்லை, வீடு கட்டிய காலத்தை வைத்து முடிவு செய்திருக்கிறார் என்று பொருள். கூரைக்கடியில் இருக்கும் பரணான லாஃப்ட்டின் கதவு பெயின்ட் அடித்து ஒட்டிக்கொண்டு திறக்காமல் போனால், மேலே 300 மில்லிமீட்டர் தடிமனுக்கு வெப்பக் காப்புக் (இன்சுலேஷன்) கம்பளி விரித்திருந்தாலும் அது கணக்கில் வராமல் போகலாம். இரட்டைச் சுவரின் இடைவெளியை முன்பிருந்தவர் காப்புப் பொருளால் நிரப்பியிருந்தால் வெளிச்சுவரின் செங்கல் இடுக்குக் காரையில் துளையிட்டு அடைத்த தடயம் தெரியும். உத்தரவாதப் பத்திரமும் எங்காவது இருக்கும். வாய் வார்த்தை செல்லாது, காகிதம் வேண்டும். நான் பார்த்தவரை, ஏற்கெனவே செய்த வேலைக்கு ஆதாரம் காட்டாததால் புள்ளி இழந்து நிற்கும் வீடுகள் குறைவில்லை. புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

அதே சான்றிதழில் பரிந்துரைகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் உத்தேசச் செலவும் அதுவரை ஏறும் புள்ளியும் போட்டிருக்கும். அந்தப் புள்ளி, மேலே உள்ள வேலைகளை எல்லாம் செய்து முடித்த பிறகு வருவது. நடுவிலிருந்து ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துச் செய்துவிட்டு அதே எண்ணை எதிர்பார்க்கக் கூடாது.

ஜன்னல் மாற்றுவது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. ஒற்றைக் கண்ணாடியை இரட்டையாக்கினால் குளிர் குறையும், தெருச் சத்தமும் குறையும். ஆனால் செலவோடு ஒப்பிட்டால் புள்ளி குறைவு. இரட்டையை மூன்றாக்குவது இன்னும் குறைவு. லாஃப்ட்டில் ஒன்றுமே இல்லாத வீட்டில் 270 மில்லிமீட்டர் விரித்தால் பெரிய மாற்றம் வரும், ஏனென்றால் காப்பில்லாத வீட்டின் வெப்பத்தில் கால்பங்கு கூரை வழியாகத்தான் போகிறது. ஏற்கெனவே 200 இருக்கும் இடத்தில் இன்னும் சேர்ப்பதால் அதிகம் கிடைக்காது. வெந்நீர்த் தொட்டிக்கு 80 மில்லிமீட்டர் உறை, தொட்டிக்குத் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர்களுக்குத் தனித்தனித் தெர்மோஸ்டாட் வால்வு: இவை சின்ன வேலைகள், விட்டுவிடாதீர்கள். 2005க்கு முந்தைய பழைய பாய்லர் இன்னும் ஓடுகிறது என்றால் அதை மாற்றுவது பெரிய ஏற்றம் தரும். வெயில் படும் கூரை இருந்தால் சோலார் பேனலும் கணிசமாக உயர்த்தும். வீட்டில் பொருத்தும் சோலாருக்கு 2027 மார்ச் இறுதி வரை வாட் வரி கிடையாது.

சுவர்தான் கவனமாகக் கையாள வேண்டிய இடம். காப்பில்லாத வீட்டின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அதன் வழியாகப் போகிறது, அதனால் ஆசையும் அதிகம். உங்களுடையது எந்தச் சுவர் என்று செங்கல்லைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். செங்கல்லின் நீளப் பக்கம் மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் இடைவெளி உள்ள இரட்டைச் சுவர். நீளமும் குட்டையும் மாறி மாறி வந்தால் கெட்டிச் சுவர், விக்டோரியா காலத்து வரிசை வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். கெட்டிச் சுவருக்கு உள்பக்கமோ வெளிப்பக்கமோ காப்புப் பலகை ஒட்ட வேண்டும். அங்கேதான் விபரீதம். அரசுத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவர்க் காப்பு போட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் சரிசெய்தே ஆக வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாகத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. இலவசம் என்பதற்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். நீர் ஒழுகும் கூரை வாய்க்கால், விரிசல் விட்ட காரைப் பூச்சு, கீழிருந்து ஏறும் ஈரம் ஆகியவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். ஈரச் சுவரை மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

காற்றோட்டத்தை மறப்பதும் இதன் தொடர்ச்சிதான். இடுக்குகளை எல்லாம் அடைத்து, ஜன்னல் மேலுள்ள காற்றுத் துவாரங்களையும் மூடிவிட்டு, தினமும் சோறு வடித்து, இட்லி அவித்து, துணியையும் உள்ளேயே காயப்போடும் வீட்டில் அவ்வளவு நீராவியும் எங்கே போகும்? குளிர்ந்த மூலையில் கரும்பூஞ்சையாக வந்து நிற்கும். அந்த அறையில் தூங்கும் குழந்தைக்கு நெஞ்சு சளி விடாது. சான்றிதழில் சி வந்துவிட்டது என்பது அங்கே இருப்பவர்களுக்கு எந்த ஆறுதலும் தராது. குளியலறையிலும் சமையலறையிலும் வெளியே தள்ளும் நல்ல மின்விசிறி வைக்காமல் காப்பு வேலையைத் தொடங்கவே வேண்டாம். பயன்படுத்தாத கணப்பை அடைப்பது புள்ளி தரும். ஆனால் அடைக்கும்போது ஒரு சிறு காற்றுத் துளை விட வேண்டும், இல்லையென்றால் புகைபோக்கிக்குள் ஈரம் பிடிக்கும்.

கூரையின் உட்புறத்தில் காப்பு நுரை தெளிக்கும் வேலையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மரச் சட்டங்களைச் சோதிக்க முடியாதபடி அது மறைத்துவிடுகிறது, அடமானக் கடன் கொடுக்கும் பல நிறுவனங்கள் அப்படிப்பட்ட வீட்டுக்குக் கடன் தரத் தயங்குகின்றன.

அப்புறம், எப்போது புதிய மதிப்பீடு எடுப்பது? சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். பழையது காலாவதியாகாத நிலையில், வேலை முடியுமுன் அவசரமாகப் புதிது எடுத்தால், குறைவாக வந்தாலும் அதுதான் உங்கள் ரேட்டிங். 2025 ஜூனில் கணக்கிடும் முறையும் மாறியிருக்கிறது, வீட்டில் எதையும் தொடாமலே எண் மாறக்கூடும். சான்றிதழைப் பதிவு செய்யாமல் உத்தேசக் கணக்கு மட்டும் போட்டுத் தரும்படி மதிப்பீட்டாளரிடம் சொல்லுங்கள், பலர் செய்வார்கள். அவர் வரும் நாளில் லாஃப்ட் கதவைத் திறந்து வையுங்கள். ரசீதுகள், ஜன்னல் சான்றிதழ், பாய்லர் மாடல் எண், தரைக்கடியிலோ சுவருக்குள்ளோ பலகை வைத்து மூடுவதற்கு முன் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்துவிடுங்கள்.