பாண்டிகூட் என்ற பெயரைத் தோண்டிப் பார்ப்பது எப்படி

விலங்குப் பெயருக்கு வேர் தேடுகிறவர்கள் முதலில் செய்கிற தப்பு, பெயரைத் தங்களுக்குத் தெரிந்த மொழியிலேயே இரண்டாக உடைத்துப் பொருள் சொல்லிவிடுவதுதான். சாக்கடையோரம் ஓடுகிற நம் பெருச்சாளிக்கு ஆங்கிலத்தில் பாண்டிகூட் என்று பெயர். 'பாண்டி' என்று காதில் விழுந்ததும் மதுரைப் பக்கம் வண்டியைத் திருப்பிவிடாதீர்கள்.

அகராதியை எடுத்தால் பொருளோடு நிறுத்தாமல், சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்ற குறிப்பையும் படியுங்கள். ஆங்கிலத்துக்குள் புகுந்த இந்தியச் சொற்களுக்கு 1886இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' இன்றும் கைகொடுக்கும், பழசு என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அது நம்மைத் தெலுங்கில் கொண்டுபோய் விடுகிறது: பந்திகொக்கு. பந்தி என்றால் பன்றி. கொக்கு என்றதும் குளத்தங்கரைப் பறவையை நினைத்தால் மறுபடி மாட்டிக்கொண்டீர்கள், தெலுங்கில் அந்தச் சொல் எலியைக் குறிக்கிறது. ஆகப் பன்றியெலி! அதன் பருமனையும் சண்டையில் அது உறுமுவதையும் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், அக்கம்பக்கத்து மொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், எனக்கு இதுதான் பிடித்த கட்டம். தமிழில் பெருச்சாளி, மலையாளத்தில் பெருச்சாழி, கன்னடத்தில் ஹெக்கண. கன்னடம் மட்டும் விலகி நிற்பதுபோல் தோன்றும், ஆனால் பழைய கன்னடத்துப் பகரம் பின்னால் ஹகரமானது (நம் பால் அங்கே ஹாலு, நம் புலி அங்கே ஹுலி), எனவே அந்த 'ஹெ'க்குள் ஒளிந்திருப்பதும் நம் 'பெரு'தான். இப்படி ஒப்பிட பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) போதும், சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடலாம். ஒரே மொழியை வைத்துக்கொண்டு வேர் சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

சரி, சொல் கிடைத்துவிட்டது, அது சுட்டுகிற விலங்கு எது என்றும் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் பாண்டிகூட் என்று அழைக்கப்படுவது எலியே இல்லை, கங்காருவைப் போலப் பையில் குட்டி வளர்க்கும் பிராணி. அங்கே போன ஐரோப்பியர்கள், எலி ஜாடையில் இருந்ததால் இந்தியாவில் பழகிய பெயரை அதற்கும் ஒட்டிவிட்டார்கள். (மண் தோண்டும்போது உள்ளே விழாதபடி அதன் பை பின்பக்கமாகத் திறக்கும்.) குழப்பம் வந்தால் அறிவியல் பெயரைப் பாருங்கள், 'பாண்டிகோட்டா' என்ற பேரினப் பெயர் நம் பெருச்சாளி வகைக்குத்தான்.