வெளிநாட்டில் குடியேறப் போகிறீர்களா? பெட்டியைக் கடைசியில் வாங்குங்கள்

பயணம் உறுதியானதும் பலர் முதலில் வாங்குவது பெரிய பெட்டி. பெட்டி வந்துவிட்டால், அது நிரம்பும்வரை சாமான் சேர்க்கக் கை பரபரக்கும். அதனால் பெட்டி கடைசி. முதலில் ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

படி 1: முதல் பத்து நாளை எழுதுங்கள்

விமானம் இறங்கிய நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். அன்று இரவு எங்கே தூங்குவீர்கள், போர்த்திக்கொள்ள ஏதாவது இருக்குமா, மறுநாள் எதை உடுத்திக்கொண்டு எந்த அலுவலகத்துக்குப் போவீர்கள்? அந்தப் பத்து நாளுக்கு வேண்டியதைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கெட், ஹேங்கர், தலையணை எல்லாம் போய் வாங்கலாம்.

உங்கள் உடம்புக்கென்றே அமைந்தவை மட்டும் விதிவிலக்கு. மூக்குக்கண்ணாடி இரண்டு ஜோடி, கண் பரிசோதனைச் சீட்டு, காலுக்குப் பழகிய ஷூ. புது ஷூ வாங்கினால் இரண்டு வாரம் போட்டு நடந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

படி 2: மருந்துக்குத் தனி நாள் ஒதுக்குங்கள்

அவசரமே கூடாத வேலை இது. இங்கே சாதாரணமாக வாங்கும் மாத்திரை இன்னொரு நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கலாம். மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும் மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. கோடீன் (சில வலி, இருமல் மருந்துகளில் சேரும் பொருள்) கலந்த மருந்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். போகும் நாட்டின் அரசு இணையதளத்தில் உங்கள் மருந்து ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள்.

மருத்துவரிடம் சீட்டு வாங்கும்போது, கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் (உள்ளே இருக்கும் மருந்துப் பொருளின் பெயர்) எழுதித் தரச் சொல்லுங்கள். அங்குள்ள மருத்துவருக்குப் புரிவது அதுதான். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள்.

படி 3: சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள்

லேப்டாப் சார்ஜரின் அடிப்பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்தால் பொடி எழுத்தில் ‘இன்புட்’ என்று ஒரு வரி தெரியும். அதில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் பிளக் அடாப்டர் ஒன்றே போதும். 220–240 என்று மட்டும் இருந்தால் 120 வோல்ட் உள்ள அமெரிக்காவிலோ 100 வோல்ட் உள்ள ஜப்பானிலோ அது சரியாக ஓடாது. அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்டேஜை மாற்றாது. அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர் போன்றவற்றை விட்டுவிட்டுப் போங்கள். அதற்குப் பதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துக்கொண்டால், ஒரே அடாப்டரில் நாலைந்து சார்ஜர்களைச் செருகலாம்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. பொதுவான வரம்பு 100 வாட்-ஹவர் (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு). 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-ஹவர்தான், பயமில்லை.

அப்புறம் போன். வேறு நிறுவனத்தின் சிம்மையும் ஏற்குமா என்று பாருங்கள். வங்கி ஓடிபி பழைய எண்ணுக்குத்தான் வரும் என்பதால், ரோமிங்கைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

படி 4: குளிர் உடையில் நிதானம்

குளிர் நாடு என்றதும் தடித்த கோட்டாக வாங்கிக் குவிக்க வேண்டாம். உள்ளே உடம்போடு ஒட்டும் தெர்மல், நடுவில் மெத்தென்ற ஃபிளீஸ் துணி, வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்ற மூன்று அடுக்குதான் சௌகரியம். வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றிவிடலாம். பருத்தித் துணியை உள்ளே போடாதீர்கள், வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு குளிரெடுக்கும். தெர்மலை இங்கேயே வாங்குங்கள். கடுங்குளிருக்கான கோட்டை அங்கே வாங்குவதே மேல், அந்த ஊர்க் குளிருக்கு ஏற்றது அங்கேதான் கிடைக்கும்.

படி 5: இப்போது பெட்டி

சாமானையெல்லாம் கட்டிலில் பரப்பிய பிறகு பெட்டி வாங்கப் போங்கள். பல விமானங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ, அது பெட்டியின் எடையும் சேர்த்து. காலிப் பெட்டியே 5 கிலோ என்றால் உங்களுக்கு மிச்சம் 18தான்.

பாஸ்போர்ட், அசல் சான்றிதழ்கள், மருந்து, ஒரு செட் உடை எல்லாம் கைப்பையில். பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தாலும் சமாளிக்கலாம்.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போதே முழுசாகக் கட்டி, எடை பார்த்து, எல்லாவற்றையும் ஒரே ஆளாகத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறுங்கள். பாதியில் இறக்கி வைக்க வேண்டியிருந்தால், பெட்டியைத் திறந்து முதலில் ஜீன்ஸில் ஒன்றை எடுத்து வெளியே வையுங்கள்.