விதைநெல்லில் கலந்த புல் விதை: பார்த்ததும் பெயர் சொல்லிவிடாதீர்கள்

நெல் வயலில் களையாக வளரும் குதிரைவால் புல்லும் நெல்லும் நாற்றுப் பருவத்தில் அருகருகே நின்றால், பழகிய கண்ணே தடுமாறும். இலையும் தண்டைச் சுற்றிய அதன் உறையும் சேரும் இடத்தில் நெல்லுக்குச் சவ்வு போன்ற சின்ன நாக்கு இருக்கும், குதிரைவால் புல்லுக்கு இருக்காது. வயல் முழுக்க ஒவ்வொரு பயிராக விலக்கி இதைப் பார்க்க முடியுமா? அதனால் விதையிலேயே பிடித்துவிடுவதுதான் நல்லது. ஆனால் விதையைப் பார்க்கும்போதும் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

மூட்டையின் மேலாக ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று முடிவு செய்வது முதல் தவறு. சான்று பெற்ற நெல் விதையில் ஒரு கிலோவுக்கு 20 களை விதை வரைதான் அனுமதி. காட்டு நெல் என்றால் 5 மட்டுமே. ஒரு கிலோவில் சாதாரணமாக 40,000 நெல் மணிகளாவது இருக்கும். அத்தனைக்குள் 5 விதை ஒரு கைப்பிடியில் எப்படிச் சிக்கும்? பரிசோதனை நிலையத்தில் பிற இன விதைகளை எண்ண 400 கிராம் எடுப்பது இதற்காகத்தான். அப்புறம், பொடி விதைகள் மூட்டையின் அடிக்கு இறங்கிவிடும். மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து பாருங்கள்.

அடுத்தது, எந்த உமியைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே பெயர் சொல்வது. அதிகம் குழப்புவது இதுதான். குதிரைவால் புல்லின் விதை, மீசை (நுனியில் நீளும் இழை) நீங்கலாக, 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளம், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. வெளி உமியில் நரம்பை ஒட்டி முரட்டு முடி இருப்பதால் தொட்டால் சொரசொரக்கும். கதிரடிக்கும்போது அந்த உமி உரிந்துவிட்டால், உள்ளே இருப்பது முடியே இல்லாமல் வழவழவென்று மின்னும். பரிசோதிக்க எடுத்த ஒரே விதை மாதிரியில் இரண்டும் கிடைக்கும்போது இரண்டு வேறு புல் என்று எழுதிவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் சொரசொரப்பான விதையை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள், பளபளப்பான மணி வெளியே வரும். பிறகு 10 மடங்கு பெருக்கும் லென்ஸில் அதன் நுனியைப் பாருங்கள். கெட்டியான பளபளப்பு ஓரிடத்தில் முடிந்து, அதற்குமேல் மெல்லிய, வாடிய நுனி தெரியும். இரண்டும் சேரும் கோட்டில் நுண்ணிய முடி வரிசை இருக்கும். குதிரைவால் புல்லுக்கு நான் முதலில் தேடும் அடையாளம் அதுதான்.

மீசையை நம்புவதும் சரியல்ல. ஒரே கதிரில் மீசை உள்ளதும் இல்லாததும் வரும், அடிக்கும்போது ஒடிந்தும் போகும். காட்டுத்தினை வகைகளில் இன்னொரு சிக்கல். கதிர் முழுக்க முள் தெரிந்தாலும், மணி உதிரும்போது முள் காம்பிலேயே தங்கிவிடும். ஆகவே விதையில் முள் தேடக் கூடாது, உள் உமியில் குறுக்காக ஓடும் சுருக்கங்களைத்தான் தேட வேண்டும்.

காட்டுக் கேழ்வரகு விதையைக் காய்ந்த நிலையிலேயே பார்த்து முடிவு செய்யாதீர்கள். நனைத்துத் தேய்த்தால் மெல்லிய தோல் கழன்று, உள்ளே கைரேகை போன்ற வரிகள் தெளிவாகத் தெரியும்.

காட்டு நெல் விஷயத்தில் "சிவப்பு அரிசி என்றால் களை" என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பாவின் அரிசியும் சிவப்புதான். வெள்ளை ரகத்தில் சில மணிகளை உரித்து, உள்ளே சிவப்பு தெரிந்தால் அது கலப்பு என்று சொல்லலாம். அந்தக் கலப்பு களையா, வேறு ரகமா என்பதை நிறம் சொல்லாது. மணியின் அடியைப் பாருங்கள். தானே உதிர்ந்த மணியின் அடித்தழும்பு மழமழப்பாக இருக்கும். அடித்துப் பிரித்த மணியில் அது கிழிந்தாற்போல் இருக்கும், சில சமயம் காம்புத் துணுக்கும் ஒட்டியிருக்கும். உதிரும் குணம் காட்டு நெல்லின் பிறவிக் குணம் என்பதால் இது நல்ல தடயம். ஆனாலும் ஒரே மணியை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம், கிடைத்த எல்லா மணிகளையும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. குதிரைவாலி என்ற சிறுதானியத்தைப் பயிரிடும் தென் மாவட்டங்களில், நெல்லில் கிடைக்கும் மீசையில்லாத சிறு மணி களையாகவும் இருக்கலாம், பயிராகவும் இருக்கலாம். நாம் விளைவிக்கும் குதிரைவாலி, வயலில் முளைக்கும் சிறிய குதிரைவாலிப் புல் என்ற களைக்கு நெருங்கிய சொந்தம். இரண்டு, மூன்று மணிகளை வைத்துப் பிரிக்க முடியாவிட்டால் "குதிரைவாலி இனம்" என்று மட்டும் எழுதுங்கள். மீதியைச் சட்டியில் முளைக்கப் போட்டுக் கதிர் வரும்வரை வளருங்கள். பயிரின் கதிர் பருத்து நெருக்கமாக இருக்கும், மணியும் எளிதில் உதிராது. களையின் கதிர் மெலிந்து, பழுத்ததும் கொட்டத் தொடங்கும்.