தார் பாலைவனச் சுற்றுலாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெய்சல்மேருக்குச் செல்பவர்களின் முதல் தவறு, பாலைவனம் என்றாலே மணல்மேடு என்று எண்ணிக்கொள்வது. சாம் மணல்மேடுகளில் ஜீப் சவாரி முடித்து, இரவில் கூடாரத்தில் ஒலிபெருக்கிக் கச்சேரி கேட்டுத் திரும்புவதைச் சிலர் சூழல் சுற்றுலா என்றே சொல்லி விற்கிறார்கள். தாரின் உயிர்வளம் செழித்திருப்பதோ சேவண் புல் முளைத்த சமவெளிகளில்; வெறும் பொட்டல் போலத் தோன்றும் அங்கேதான் கானமயில் (Great Indian Bustard) என்னும் பெரிய பறவை முட்டையிடுகிறது.

அந்தப் புல்வெளியில் தடத்தை விட்டு வண்டியை இறக்குவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. கானமயில் கூடு கட்டுவதில்லை. தரையில் சிறு பள்ளம், அதில் பெரும்பாலும் ஒரே முட்டை, அதுவும் மண்ணோடு மண்ணாகத் தெரியும் நிறத்தில். சக்கரம் ஏறினாலும் ஓட்டுநருக்குத் தெரியப்போவதில்லை. ஏறத்தாழ நான்கு வாரம் பெண் பறவை மட்டுமே அடைகாக்கிறது. படமெடுப்பதற்காக நாம் நெருங்கினால் அது எழுந்து நடந்துவிடும். முட்டை வெயிலிலும் காகத்தின் கண்ணிலும் கிடக்கும். காட்டில் எஞ்சியிருப்பவை 200க்கும் குறைவு என்னும்போது, ஒரு முட்டை என்பது சிறிய இழப்பன்று.

பலரும் கவனிக்காதது மிச்ச உணவு. கூடாரங்களுக்குப் பின்னால் கொட்டப்படும் சோறும் இறைச்சியும் நாய்களைப் பெருக்குகின்றன. அந்த நாய்கள் முட்டையையும் சிங்காரா மான்குட்டியையும் விட்டுவைப்பதில்லை.

அடுத்தது பணம் போய்ச் சேரும் இடம். 3,162 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாலைவனத் தேசியப் பூங்காவுக்குள் பல ஊர்கள் உள்ளன. பூங்காவின் கட்டுப்பாடுகளைச் சுமப்பவர்கள் அங்குள்ள மேய்ப்பர்கள். சுற்றுலா வருமானம் வெளியூர் முதலாளிக்கே போனால், கானமயில் அவர்களுக்குச் சுமையாகவே தோன்றும். ஆகவே பதிவு செய்யுமுன், வழிகாட்டி எந்த ஊர்க்காரர், சமையல் யார் வீட்டில் என்று கேளுங்கள். ‘ஓரண்’ எனப்படும் கோயில்காடுகளைத் தலைமுறைகளாகக் காத்துவரும் ஊர்க்காரருக்குத் தெரிந்தது நகரத்து ஓட்டுநருக்குத் தெரியாது.

சுற்றுலாவே பறவையைக் காப்பாற்றிவிடும் என்று நம்புவதும் தவறுதான். கானமயிலுக்கு நேரெதிரே பார்க்கும் திறன் குறைவு. உயர்மின் கம்பிகளில் மோதிச் சாகிறது. கம்பிகளை நிலத்தடியில் பதிக்குமாறு 2021இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024இல் அதைத் தளர்த்தியது. இதைப் பயணிகளால் சரிசெய்ய முடியாது.

பலோதி அருகிலுள்ள கீச்சனில் ஊரார் தானியம் இட, குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான டெமாய்செல் கொக்குகள் (demoiselle crane) வந்திறங்குகின்றன. அங்கே தீனி இடும் அடைப்பை நெருங்காமல், ஊர்க்காரர் வீட்டு மொட்டைமாடியில் அனுமதி கேட்டு நின்று பாருங்கள்.