ஒடி சுருக்குத்தசையின் அழுத்தத்தை அளக்கும் முறை

பித்தநாளமும் கணைய நாளமும் முன்சிறுகுடலில் திறக்கும் இடத்தைச் சூழ்ந்திருக்கும் தசை வளையம், அதை 1887இல் விவரித்த இத்தாலியர் ருஜ்ஜெரோ ஒடியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வாய்வழியே கருவியைச் செலுத்திப் பித்த, கணைய நாளங்களை ஆராயும் இ.ஆர்.சி.பி. எண்டோஸ்கோபியின்போது, கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாயை இத்திறப்பினுள் செலுத்தி, தசையின் அழுத்தத்தை நேரடியாகப் பதிவு செய்வதே மனோமெட்ரி.

யாருக்குச் செய்யலாம் என்பதே முதல் முடிவு. பித்தப்பையை அகற்றிய பின்னும் பித்தவலி நீடித்து, கல்லீரல் நொதிகள் உயர்ந்தோ நாளம் விரிந்தோ இருந்து, கல்லும் கட்டியும் இல்லையென்று உறுதியானவர்களுக்கே இது பொருந்தும். அழுத்தம் மிகுந்தால் செய்யும் சிகிச்சை இத்தசையை வெட்டுவதே; ஆனால் வலி மட்டுமே உள்ளவர்களுக்கு அது போலிச் சிகிச்சையைவிடப் பயன் தரவில்லை என்று 2014இல் வெளியான எபிசாட் ஆய்வு காட்டியது. ஆகவே அவர்களை இந்தச் சோதனையின் ஆபத்துக்கு உட்படுத்துவது நியாயமன்று.

தசையைத் தளர்த்தும் நைட்ரேட், கால்சியம் தடுப்பான் போன்ற மருந்துகளையும், அதை இறுக்கும் மார்ஃபின் வகை மருந்துகளையும் 8 முதல் 12 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். மயக்கத்துக்கு மிடசோலம் ஏற்றது.

வழக்கமான கதீட்டரில் மூன்று குழல்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு 0.25 மி.லி. நீர் செல்லும். கணைய நாளத்தில் அளக்கும்போது ஒரு குழலை நீரை உறிஞ்சி வெளியேற்றவே ஒதுக்க வேண்டும். நாளத்தில் தேங்கும் நீர் கணைய அழற்சியைத் தூண்டக்கூடும். முதலில் முன்சிறுகுடலின் அழுத்தத்தைப் பதிவு செய்து, அதையே பூஜ்ஜியமாகக் கொள்ளுங்கள். பின்னர் நாளத்துக்குள் நுழைந்து சிறிது உறிஞ்சிப் பாருங்கள்: மஞ்சள் நீர் வந்தால் பித்தநாளம், தெளிந்த நீர் வந்தால் கணைய நாளம்.

இனி கதீட்டரை 1 அல்லது 2 மி.மீ. வீதம் பின்னிழுத்து, ஒவ்வொரு நிலையிலும் குறைந்தது 30 விநாடி அசையாமல் காத்திருங்கள். இந்தப் பொறுமையில்தான் சோதனையின் நம்பகத்தன்மை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. கதீட்டர் முனை நாளச் சுவரில் அழுந்தினாலோ நோயாளி ஓங்கரித்தாலோ வரைகோடு பொய்யாக உயரும். அவ்விடத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. தசை தாளகதியில் சுருங்கும்போது எழும் அலைகளின் உச்சியை விட்டுவிட்டு, அவற்றுக்கு இடையே நிலைத்து நிற்கும் அடிநிலை அழுத்தத்தையே படிக்க வேண்டும். அது முன்சிறுகுடலைவிட 40 மி.மீ. பாதரசத்துக்கு மேல் இருந்து, இரண்டாம் இழுப்பிலும் அவ்வாறே தெரிந்தால் மட்டுமே இயல்புக்கு மீறியது என்று எழுதுங்கள். முடிவில் முன்சிறுகுடல் அழுத்தத்தை மீண்டும் அளந்து, பூஜ்ஜியம் நகரவில்லையா என்று சரிபார்ப்பதும் அவசியம்.

இந்த நோயாளிகளுக்குக் கணைய அழற்சி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், மலக்குடல் வழியே அழற்சியைக் குறைக்கும் இண்டோமெதசின் மருந்தை 100 மி.கி. கொடுப்பதையும், கணைய நாளம் அடைபடாமல் திறந்திருக்கச் சிறிய ஸ்டென்ட் குழாய் வைப்பதையும் சோதனைக்கு முன்பே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். சோதனை முடிந்தபின் வயிற்றுவலி வந்தால், காற்றுத் தேக்கம் என்று ஒதுக்கிவிடாமல் இரத்தத்தில் கணைய நொதிகளான அமைலேஸோ லைபேஸோ பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்புங்கள்.