நெப்போலியன் வீழ்ந்ததும் ஐரோப்பாவுல திரும்பி வந்த ராஜாக்கள பிள்ளை மண்டையில ஏத்துறது எப்படி?

மொதல்ல வருஷ லிஸ்ட்ட தூக்கி ஓரமா வைங்க. பேப்பர் நடுவுல 1815ன்னு மட்டும் எழுதுங்க, ஐரோப்பாவ மறுபடி ஒழுங்குபடுத்த நாடுகள் கூடுன வியன்னா மாநாடு முடிஞ்சதும் வாட்டர்லூவுல நெப்போலியன் தோத்ததும் அந்த ஜூன் மாசம்தான்.

அப்புறம் பிரான்ஸ நிதானமா பாருங்க. 1793ல புரட்சிக்காரங்க ராஜா 16ஆம் லூயி தலைய வெட்டினாங்க, அவர் தம்பி 18ஆம் லூயி 1814ல வந்து உக்காந்தாரு, அடுத்த வருஷமே நெப்போலியன் எல்பா தீவுலேர்ந்து தப்பிச்சு வரவும் மனுஷன் ஓடிட்டாரு, வாட்டர்லூ முடிஞ்சப்புறம் மறுபடி வந்தாரு. (17 எங்கன்னு பிள்ளை கண்டிப்பா கேக்கும். 1795ல ஜெயில்லயே செத்துப்போன 10 வயசுப் பையன், பாவம்.)

கவனிக்க வேண்டியது, வந்தவரு பழையபடி ஆளல, ராஜா அதிகாரத்துக்கு வரம்பு வைக்கிற சாசனம் குடுத்தாரு, புரட்சியில கைமாறுன நிலத்தையும் திருப்பிப் புடுங்கல. அடுத்த தம்பி 10ஆம் சார்லஸ்தான் ஓவரா போயி 1830ல நாற்காலிய விட்டாரு.

ஸ்பெயினுக்கு ஒரு வரி போதும்: 7ஆம் ஃபெர்டினாண்டு வந்ததுமே 1812 அரசியல் சட்டத்த தூக்கி வீசிட்டாரு.

கடைசியா நம்ம சிங்கப்பூர் கொக்கி. டச்சுக்காரங்களுக்கும் அப்பதான் ராஜா வந்தாரு, 1816ல பிரிட்டிஷ்காரங்க ஜாவாவ அவங்ககிட்ட திருப்பிக் குடுத்தாங்க, அதுக்கப்புறம்தான் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் வேற துறைமுகம் தேடி 1819ல இங்க வந்து எறங்குனாரு. எம்ஆர்டில ராஃபிள்ஸ் பிளேஸ் வரும்போது கேட்டுப் பாருங்க.