கணக்கு உங்களுடையது, எண் யாருடையது?

இணையத்தில் எச்சரிக்கையாக இருங்கள் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கடவுச்சொல்லைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பினாங்கில் நம் குடும்பங்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு வேறு. கணக்கு அம்மாவுடையதாக இருக்கும். அதில் பதிந்த கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் மகனுடையதாக இருக்கும். அவசரத்துக்கு யாரோ ஒருவர் திறந்து கொடுத்தது அப்படியே நின்றுவிடும்.

பட்டர்வொர்த்தில் எங்கள் தாமானில் ஓர் அக்கா. ஊழியர் சேமநிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க நினைத்தார். கடவுச்சொல் மறந்துவிட்டது. சரி, புதிதாக மாற்றிக்கொள்ளலாம் என்று அழுத்தினால், சரிபார்ப்பு எண்ணை அனுப்பிவிட்டோம் என்கிறது திரை. கையில் இருக்கும் போனில் ஒன்றும் வரவில்லை. அது மகனுடைய பழைய எண்ணுக்குப் போயிருக்கிறது. மகனோ சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே எண் வாங்கிவிட்டார். "நான்தான் நான்னு இந்தப் போனுக்கு எப்படித் தம்பி சொல்றது?" என்று அக்கா கேட்டார். கடைசியில் அடையாள அட்டையோடு கிளைக்குப் போய், கைரேகை வைத்துத்தான் எண்ணை மாற்ற முடிந்தது.

இதைவிட மோசமானது, விட்டுப்போன எண் இன்னொருவர் கைக்குப் போவது. ப்ரீபெய்ட் எண்ணுக்கு ரீலோட் செய்யாமல் விட்டால் அது காலாவதியாகும். கொஞ்ச காலம் கழித்து அதே எண் புது சிம் கார்டாகக் கடைக்கு வந்துவிடும். அதை வாங்கியவருக்கு உங்கள் வங்கியின் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கும். அவர் நல்லவராக இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் நம் சேமிப்பை முன்பின் தெரியாதவரின் நல்ல மனதை நம்பியா விட்டு வைப்பது?

அதனால் எண்ணை மாற்றும்போது பழைய சிம்மை உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது உயிரோடு இருக்கும்போதே முதலில் வங்கி, அப்புறம் சேமநிதி, வருமான வரியின் மைடேக்ஸ், டச் என் கோ போன்ற மின்பணப்பை, கடைசியில் வாட்ஸ்அப் என்று வரிசையாக மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் எண்ணை மாற்றுவதற்கென்றே அமைப்புகளில் ஒரு வசதி இருக்கிறது. அங்கேயே இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டு ஆறு இலக்க எண் ஒன்றை வைத்துவிடுங்கள். பெற்றோருக்கு அவர்கள் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் திறந்து கொடுங்கள். அதன் கடவுச்சொல்லை நோட்டில் எழுதி அலமாரியில் வைக்கட்டும், தப்பில்லை. எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையே கடவுச்சொல்லாக வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இப்போது எண் மட்டுமல்ல, போனே சாவியாகிவிட்டது. குறுஞ்செய்தியில் வரும் சரிபார்ப்பு எண்ணைக் கைவிட்டு, இன்னும் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இல் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. பணம் அனுப்பும்போது செயலியிலேயே ஒப்புதல் கேட்கிறது. அதுவும் பதிவு செய்த ஒரே போனில். புதுப் போனில் பதிந்தால் சில மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். பழைய போனைக் கடையில் கொடுத்துவிட்டு வாடகை கட்ட வேண்டிய நாளில் தவிப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஒப்புதல் கேட்டதும் பழக்கத்தில் தட்டிவிடுவது இன்னொரு தவறு. தொகையும் பெறுபவர் பெயரும் அந்தத் திரையிலேயே இருக்கும். படித்த பிறகு தட்டுங்கள்.

கடைகளில் போனால் ஸ்கேன் செய்து பணம் கட்டும் டூயிட்நவ் கியூஆரிலும் இதே கதைதான். ஸ்கேன் செய்ததும் ஒரு பெயர் வரும். லிட்டில் இந்தியா கடைகளில் பலகையில் ஒரு பெயரும் திரையில் முதலாளியின் சொந்தப் பெயரும் இருப்பது சகஜம். வாய்திறந்து கேட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கடைக்காரர்களும் வாடிக்கையாளர் காட்டும் ரசீதை நம்பாமல், தங்கள் போனில் பணம் வந்ததா என்று பார்ப்பது நல்லது.

வருமான வரிப் பாரம் அனுப்பும் காலத்தில் வேறொரு வினை. சம்பள வருமானம் மட்டும் உள்ளவர்கள் இணையம் வழி அனுப்ப வழக்கமாக மே 15 வரை நேரம் கிடைக்கிறது. கடைசி இரவில் அலறிக்கொண்டு, "செய்து கொடுக்கிறேன்" என்பவரிடம் ஐசி எண்ணையும் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். அவர் தன் மின்னஞ்சலையும் எண்ணையும் போட்டுவிட்டால் அடுத்த ஆண்டு அவரையே தேட வேண்டும். பணம் திரும்பி வரும் வங்கிக் கணக்கு எண் சரியாக இருக்கிறதா என்பதையாவது நீங்களே பாருங்கள். ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

தேடலில் முதலில் வருவதைத் தட்டாதீர்கள். அது பெரும்பாலும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். நம் அரசாங்கத் தளங்களின் முகவரி 'ஜிஓவி டாட் எம்ஒய்' என்று முடியும். அந்த எழுத்துகள் நடுவில் வந்து, அதற்குப் பிறகு ஒரு புள்ளியும் வேறு பெயரும் தொடர்ந்தால் அது போலி. தொடக்கத்தில் வரும் https:// போக, அதற்கடுத்த முதல் சாய்கோட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு.

ஃபேஸ்புக்கில் மலிவு விலைக்கு வீடு சுத்தம் செய்யும் விளம்பரங்களில் விழுந்தவர்கள் நம்மில் நிறைய. வாட்ஸ்அப்பில் அன்பாகப் பேசுவார்கள். ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நேரடியாக ஏற்றும் கோப்பு, ஒன்றை அனுப்பி, முன்பதிவுக்குச் சில ரிங்கிட் மட்டும் கட்டச் சொல்வார்கள். அந்தச் செயலி உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கும். பணம் கட்டும் பக்கமோ உங்கள் வங்கிக் கடவுச்சொல்லைத் திருடும். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து எந்தச் செயலியையும் ஏற்றாதீர்கள், அனுப்பியவர் சொந்தக்காரராகவே இருந்தாலும்.

முன்பின் தெரியாத கணக்குக்குப் பணம் அனுப்பும் முன், போலிஸின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். ஏற்கெனவே புகார் வந்திருந்தால் காட்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள், குடும்பத்தில் பேசி முடிவெடுக்கவும் நேரமில்லை. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மளமளவென்று கை மாறிக்கொண்டிருக்கும். உடனே வங்கியின் மோசடித் தடுப்பு எண்ணையோ 997 என்ற தேசிய மோசடிப் புகார் மையத்தையோ அழையுங்கள். போலிஸ் புகாரை அதற்குப் பிறகு செய்யலாம்.